மூச்சு விடக்கூடாது

சன்னலச் சித்தெ சாத்துங்க அம்மணி. காத்து வேண்டாம்னு இல்லீங்க, முன்னால போற லாரிப் பொகை பூராவும் நம்ம மூஞ்சிலதான் அடிக்குது. ம். இப்பச் செரி. எங்க, கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். ஆசுபத்திரிக்கெல்லாம் இல்லீங்க. எனக்கென்ன கேடு, கல்லாட்ட இருக்கறேன். இந்த எளைப்பு, கோபி பஸ்டாண்டுல வண்டியப் புடிக்க ஓடியாந்தனுங்களா, அது இன்னும் நிக்கல. சித்த நேரத்துல நின்னுரும்.

நீங்க நம்பியூர்லதான ஏறுனீங்க? அந்த ஊருங்களா? அட, அங்கதான் எங்க நங்கையா இருக்கறாங்க, எங்கூட்டுக்காரரோட அக்கா. சந்தைக்குப் பக்கத்து வீடு. தெரியுமா? தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும், இப்ப அவிய பேச்செதுக்கு.

நான் ஒரு பொம்பளையப் பாக்கப் போறேனுங்க. சாய்பாபா காலனியில இருக்கறா. பேரு பிலோமினா. எல்லாரும் மேடம், மேடம்ங்கறாங்க. எனக்கு அந்தப் பேர நெனைச்சாவே கொமட்டிக்கிட்டு வருது. மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்டுப்போட்டு, அங்க போயி உக்காந்திருக்கற என்ற புள்ளையக் கையோட கூட்டியாந்தர்றதுன்னு கெளம்பிட்டேன். எங்கூட்டுக்காரரு, "வசந்தாமணி, சாந்தமாப் பேசிட்டு வா"ன்னாரு. சாந்தமா! அந்த மனுசன் ஆயுசு பூராம் சாந்தமா இருந்துக்கிட்டாரு, கத்தறதெல்லாம் நான் கத்திக்கறேன்.

அவ என்ன தொழில் பண்றான்னு கேளுங்களேன். தொடறா. அவ்வளவுதானுங்க. ஆளப் படுக்க வெச்சு, மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. அதுக்கு வாசல்ல ஒரு போர்டு, ஏதோ தெரபின்னு. ஆஸ்துமா, மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம்னு கீழ எழுதி வெச்சிருக்கறா. கருமம். நம்மூருல சுளுக்கெடுக்கற கெழவன்கூட எண்ணெயத் தடவி, ரெண்டு தட்டுத் தட்டி, சடக்குன்னு ஒரு சத்தமாச்சும் வர வெப்பான். இவகிட்ட எண்ணெயுமில்ல, தைலமுமில்ல. சும்மா வெச்ச கைய சும்மா எடுக்கறா.

அங்க எதுக்குப் போனீங்கன்னு கேப்பீங்க. என்ற புள்ளைக்காகத்தான். ஒரே புள்ள, மிதுனா. கோயமுத்தூருல வேலை, ஆஸ்டல்ல இருக்கறா. நல்லாப் படிச்ச புள்ள, பாக்கறதுக்கும் மூக்கும் முழியுமா இருப்பா. அவளுக்கு... உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ, நான் யாரோ. அவளுக்குச் சின்னதுலிருந்தே கொஞ்சம் இழுப்பு. பனி விழுந்தா, தூசி பட்டா, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தறாப்புல சத்தம் வரும். டாக்டரு வாயில வெச்சு அடிக்கற பம்பு குடுத்திருக்காரு. அடிச்சா அடங்கீரும். ஆனா கையில அந்தப் பம்போட ஒரு பொண்ண எவனாச்சும் பாத்தா, கட்டுவானுங்களா?

அதனால நான் மொதல்லயே சொல்லி வெச்சுட்டேன். "மிதுனா, உனக்கு இழுப்பு இருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது"ன்னு. பள்ளிக்கொடத்துல கேட்டா சளின்னு சொல்லு. ஒறம்பரை, விருந்தாளி வந்தா பம்ப பைக்குள்ள வெச்சுரு. கலியாண வீட்டுல இழுத்துதுன்னா பாத்ரூமுக்குப் போயிரு. புள்ளையும் அப்படியே இருந்தா. நங்கையாவுக்கே தெரியாதுன்னாப் பாத்துக்கோங்க. அவியளுக்குத் தெரிஞ்சா ரேடியோவே வேண்டாம், நம்பியூரு முழுக்கச் சொல்லீருவாங்க.

அப்பறம் ஒரு கலியாணப் பந்தியில பக்கத்து எலைக்காரி பேசிக்கிட்டிருந்தா. சாய்பாபா காலனியில ஒரு மேடம் தொட்டே இழுப்ப நிறுத்தறாங்க, மருந்தில்ல மாத்திரையில்ல, வெறுங் கைதான்னு. எனக்குச் சாப்பாடே எறங்கல. வெறுங் கைன்னா வெளிய தெரியாதல்லோ? பம்பு இல்ல, மருந்துச் சீட்டு இல்ல, ஆசுபத்திரி வாசல்ல எவளும் பாத்துத் தொலைக்கவும் மாட்டா. யாருகிட்டயும் கேக்கற மாதிரி கேக்காம, விலாசத்த வாங்கிக்கிட்டேன்.

போனமுங்க. ரூமுக்குள்ள ஒரு கட்டிலு, ஒரு ஃபேனு, ஒரு முக்காலி. சாமி படம்கூட சின்னதா ஒரு மூலையில. கட்டில்ல வெள்ளைத் துணி விரிச்சிருக்குது. தொவைச்சதுதானாம். எவெவ படுத்து எந்திரிச்சாளோ, யாரு கண்டா? எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. மிதுனா செருப்பக் கழட்டிட்டுப் போயி, சொந்தக் கட்டிலு மாதிரிப் படுத்துக்கிட்டா. அந்தப் பொம்பள முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு கைய புள்ளையோட முதுகுக்கடியில குடுத்தா, இன்னொரு கைய நெஞ்செலும்பு மேல வெச்சா. வெச்சவ வெச்சவதான். தடவல, அமுக்கல. நான் செவுத்தோரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கறேன், இப்பப் பண்ணுவா, இப்பப் பண்ணுவான்னு. ஒண்ணும் காணோம். ஃபேனு மட்டும் சுத்துது.

பொறுக்க மாட்டாம, "ஏனுங்க, எப்ப ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டுப்போட்டேன்.

"ஆரம்பிச்சாச்சும்மா"ன்னா, திரும்பிக்கூடப் பாக்காம.

அப்பறம் புள்ளைகிட்ட மெதுவா ஆரம்பிச்சா. "விடும்மா. மூச்ச விடு. இழுக்கறத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல உள்ள இருக்கறத விடு." திருப்பித் திருப்பி அதையே. விடு, விடு, இன்னும் கொஞ்சம் விடுன்னு. நான் பெத்து வளத்து, விடாதே விடாதேன்னு அத்தன வருசம் சொல்லி வெச்சிருக்கறேன். இவ வந்து ஒரே நாள்ல விடு விடுங்கறா! என்ற புள்ள என்ன பண்ணுனா தெரியுங்களா? அழுதா. சத்தமே இல்லாம, கண்ணோரமா தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகுது. தொடைக்கவுமில்ல. எவளோ ஒருத்தி முன்னால! எங்கிட்ட அந்தப் புள்ள அழுது எனக்கு ஞாபகமே இல்லீங்க. அவ்வளவு தைரியமா வளத்திருந்தேன்.

ஆனா அந்தப் பொம்பளையோட நெஞ்சழுத்தத்தக் கேளுங்க. எல்லாம் முடிஞ்சதும் அவளே வாயத் தொறந்து சொல்றா, "அம்மா, இது ஆஸ்துமாவப் போக்காது. ஒடம்பு இறுகிக் கெடக்குது, அது கொஞ்சம் தளரும், பயம் கொறையும், அவ்வளவுதான். டாக்டரு குடுத்த பம்ப எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க. எப்பவும் கைக்கெட்டற எடத்துல இருக்கோணும்"னு. பாத்தீங்களா? போகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே கை வெக்கறா! ஒரு திருட்டு வைத்தியன்னாக்கூட போகும்னு பொய்யாச்சும் சொல்லுவான். இவளுக்கு அந்த மரியாதைகூட இல்ல.

இன்னொண்ணும் சொன்னா. "வீட்டுல இழுக்கும்போது, பம்ப அடிச்சுட்டு, நீங்க இப்படி முதுகுல கை வெச்சுட்டு உக்காந்திருங்க. தட்டாதீங்க. சும்மா வெச்சாப் போதும்"னு. எனக்குச் சிரிப்பா வந்துது. மாடு கன்னு, சமையலு, ஆளுக்குச் சோறு, இத்தனையும் கெடக்க, நான் முதுகுல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோணுமாம். மிதுனாவும் அப்பறம் ஒரு தடவ லீவுல வந்தப்பக் கேட்டா, "அம்மா, சித்தெ கை வையேன்"னு. "போடி, எனக்கு வேலையில்லையா"ன்னுட்டேன். சின்னக் கொழந்தையா என்ன?

கெளம்பறப்ப அந்தப் பொம்பள என்னையே உத்துப் பாக்கறா. "நீங்களும் ஒரு தரம் படுக்கறீங்களாம்மா? உங்க மூச்சும் சத்தமாத்தான் இருக்குது"ங்கறா. எப்படி இருக்குது பாருங்க வாயி! "எனக்கொண்ணும் சீக்கில்ல, மாடி ஏறி வந்தது"ன்னேன். சொல்லிட்டு இருக்கறப்பவே தோள்பட்டைக்குப் பின்னால லேசாக் கைய வெச்சுட்டா. சீ. தட்டி உட்டுட்டேன். ஆனா அந்தச் சூடு இருக்குதே, பஸ்ஸேறி கோபி வந்து சேர்ற வரைக்கும் அந்த எடத்துல அப்படியே கெடந்துது. வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுனேன். எனக்கு ஆரும் மேல கை வெச்சா ஆகாதுங்க. எங்கம்மாகூட என்னையத் தொட்டுப் பேசுனதில்ல.

இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

ம். எங்க உட்டேன்? வரன். காங்கயத்துப் பக்கம், நல்ல எடம். பையன் பேரு பிரகதீஷ், கோயமுத்தூருலயே வேலை. ஜாதகம் அப்படிப் பொருந்துது. இப்பல்லாம் ஜாதகம் பொருந்துனதும் போன் நம்பரக் குடுத்து, நீங்களே பேசிக்கோங்கன்றாங்களே, அந்தக் கண்றாவியும் நடந்துது. நான் மிதுனாகிட்ட, "பேசு. படிப்பப் பேசு, வேலையப் பேசு, சினிமாவப் பேசு. அத மட்டும் மூச்சு விட்றாத. தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்"னேன். புள்ள ஒண்ணும் பேசல. பேசலைன்னா செரின்னுதான அர்த்தம்?

பொண்ணு பாக்க வர்றோம்னாங்க. வீடு மணக்க வேண்டாமுங்களா? விடிஞ்சதும் வீடு பூராம் மொழுகித் தொடைச்சு, மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டேன். மிதுனாவுக்குத் தலைக்கு ஊத்தி, ஈர முடிக்கும் நல்லாப் பொகை காட்டுனேன். "பொகை ஆகாதும்மா, மேடம் சொல்லீருக்காங்க"ன்னு மொனகுனா. லாரிப் பொகையாங்க அது? சாமி காரியம். அது எப்படி ஆகாமப் போகும்? "நல்ல நாளும் அதுவுமா அந்தப் பொம்பள பேர எடுக்காத"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். அப்பறம் அவ கைப்பையிலிருந்த பம்ப எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல செருகிக்கிட்டேன். வந்தவங்கள்ல எவளாச்சும் பையத் தொறந்து பாத்துட்டா?

வந்தாங்க. ஆம்பளைங்க முன்கட்டு ஆசாரத்துல, பொம்பளைங்க உள் ரூமுல. பீரோவும் அந்த ரூமுலதானுங்க, அதுதான் என்ற கெரகம். மிதுனா காப்பித் தட்ட வெச்சுட்டுக் கும்பிட்டு நிமுந்தா. நிமுந்தவளுக்கு மூச்சு வரல. ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, பூனைக்குட்டி கத்த ஆரம்பிச்சிருச்சு. என்னையப் பாக்கறா. பீரோவப் பாக்கறா. மறுபடி என்னையப் பாக்கறா. நான் என்ன பண்ணுவனுங்க? சம்பந்தி ஆகப் போறவங்க முன்னால பீரோவத் தொறந்து பம்ப எடுத்துக் குடுக்க முடியுமா? அதோட அந்த வரன் போச்சு. நான் சிரிச்சுக்கிட்டே, "பொர ஏறீருச்சுங்க, யாரோ நெனைக்கறாங்க"ன்னு சொல்லி, அவ உச்சந்தலையில தட்டுனேன். தட்டத் தட்ட ஒதடு நீலமாகுது. நானும் தட்டிக்கிட்டே இருக்கறேன், வேற என்ன பண்றதுன்னு தெரியல.

அப்ப அந்தப் பையன் ஆசாரத்துலிருந்து விறுவிறுன்னு உள்ள வந்தான். பொம்பளைங்க இருக்கற ரூமுக்குள்ள! சட்டைப் பையிலிருந்து எடுத்தான் பாருங்க, பம்பு. நீலக் கலரு பம்பு. புதுசு. குலுக்கி அவ கையில குடுத்தான். அவளும் வாங்கி, எல்லாரு முன்னாலயும் வாயில வெச்சு அடிச்சா. பையனோட அம்மா, செல்வநாயகின்னு பேரு, எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்து முதுகுல கை வெச்சாங்க. தட்டல. தடவல. சும்மா வெச்சாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க. அதே கை. அந்தப் பொம்பளையோட அதே கை, என்ற வீட்டுக்குள்ள, என்ற புள்ள முதுகுல. பெத்தவ நான் பக்கத்துலயே நிக்கறேன்.

"இது யாருங்க சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டேன்.

"உங்க புள்ளதானுங்க"ன்னாங்க செல்வநாயகி. "போன்லயே எல்லாம் சொல்லிப்போட்டுது. எனக்கு இழுப்பு இருக்குது, இழுத்தா இன்னது பண்ணோணும்னு. மறைக்காமச் சொன்னாளேன்னு அதுலயே எங்களுக்குப் புடிச்சுப் போச்சுங்க. பம்பு ஒண்ணு கையில இருக்கட்டும்னு இவனும் வாங்கி வெச்சுக்கிட்டான்."

பாத்தீங்களா அம்மணி? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வந்திருக்கறாங்க. தெரிஞ்சுக்கிட்டே என்ற வீட்டுல உக்காந்து, பஜ்ஜியத் தின்னு, பொர ஏறீருச்சுன்னு நான் சொல்றப்ப வேடிக்க பாத்திருக்கறாங்க. சீ! மனுசங்களா இவங்க? எனக்கு அவமானத்துல ஒடம்பே எரிஞ்சுது. மூச்சு விடாதேன்னு சொல்லி வளத்த புள்ள, மொத்தமா விட்டுப்போட்டா. அந்தக் கட்டில்ல படுக்க வெச்சு விடு விடுன்னு சொல்லிக் குடுத்தவ யாரு? அந்தப் பிலோமினாதான?

பையன் வீட்டுல புடிச்சிருக்குதுன்னு சொல்லீட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன். ஆமாங்க, வேண்டாம்னுட்டேன். ரோசன பண்ணிப் பாருங்க. இழுப்புக்காரின்னு தெரிஞ்சே ஒரு பொண்ண எடுக்கறாங்கன்னா, அந்தப் பையன்கிட்ட என்ன கொறை இருக்கோ? நல்ல வீட்டுல எவனாச்சும் எடுப்பானா? நானே எடுக்க மாட்டேன். எதையோ மறைக்கறாங்க. மறைக்கறவங்கள எனக்குக் கண்ட எடத்துல புடிக்காது.

அத்தோட மிதுனாவுக்கும் எனக்கும் சண்டை, ஓரியாட்டம். அவ கத்தல. கத்தியிருந்தாப் பரவால்ல. "அம்மா, சாவி உன்ற இடுப்புலதான இருந்துது?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். பைய எடுத்துக்கிட்டு ஆஸ்டலுக்குப் போயிட்டா. எனக்குப் போன் போடறதில்ல. அவங்கப்பாவுக்குத்தான் போடறா. இன்னிக்கு மேடம் வீட்டுக்குப் போறாளாம், அங்க அந்தச் செல்வநாயகி கார்ல வந்து, வீட்டப் பாக்கறதுக்குக் காங்கயம் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். "அம்மாவும் வரட்டும், வந்தா எனக்குச் சந்தோசம்"னு சொல்லீருக்கா. சந்தோசமாம்! நான் போறதுக்குள்ள அவ அந்த வண்டியில ஏறீட்டா, அப்பறம் என்ற பேச்சு எங்க செல்லும்? அதுக்குத்தான் இந்த ஓட்டம்.

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அடக்கமே இல்லீங்க. சீக்கு வந்தா ஊருக்கெல்லாம் சொல்லோணுமா? நான் பொழைக்கலையா? எனக்கும் மார்கழிப் பனியில நெஞ்சு... இழுப்பில்லீங்க, சளி. சளிதான். கலியாணத்துக்கு மொத நாளு எங்கம்மா கூப்புட்டு, "மூச்சு விட்றாத"ன்னாங்க. விட்டனா? வந்துதுன்னா மாட்டுக்கொட்டாய்க்குப் போயிருவேன். தீவனம் அள்ளற மாதிரி குனிஞ்சுக்கிட்டு, மாட்டு மேல சாஞ்சு நின்னு, அடங்குனதும் மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வருவேன். மாடு பாவம், அசையாம நிக்கும். எங்கூட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. நான் மாட்டு மேல உசுரா இருக்கறேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கறாரு. அதுதானுங்க குடும்பம் நடத்தற லச்சணம்.

இருங்க. ஒண்ணுமில்ல. அந்த முன்சீட்டுக்காரன் பீடி பத்த வெச்சிருக்கறான் பாருங்க, நாய். கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க... நான் சொல்ல... முடியல.

இல்லீங்க, வண்டிய நிறுத்த வேண்டாம். நிறுத்துனா நேரமாயிரும், அவ போயிருவா. ஆசுபத்திரியும் வேண்டாம். எல்லாரும் பாக்கறாங்களா? பாக்கறாங்களா அம்மணி? பொர ஏறீருச்சுன்னு சொல்லுங்க.

தலையில தட்டாதீங்க. வேண்டாங்க. தட்டுனா... ஆகாது.

முதுகுல... கீழ. இல்ல, கொஞ்சம் மேல. அமுக்காதீங்க. சும்மா வைங்க. சும்மா வெச்சாப் போதும்.

ம்.

என்னங்க? விடறதா? ம். விடறேன். விடறேன் கண்ணு.

பைக்குள்ள ஒரு பம்பு இருக்குது. நீலக் கலரு. மிதுனாதுங்க, பீரோவுல வெச்சது. அவகிட்டக் குடுத்துரலாம்னு... எனக்கு வேண்டாங்க, அது அவளுது. வெளிய எடுத்து அவ கண்ணுக்குத் தெரியற மாதிரி மேலாப்புல வைங்க. அது போதும். டாக்டரா? போறேன், போறேன். மொதல்ல அவளப் பாத்துப்போட்டு.

கைய எடுத்துறாதீங்க. காந்திபுரம் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

கண்ணு, இன்னொண்ணு. ஊருக்குத் திரும்பிப் போனா, எங்க நங்கையாகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க.